மீனை விட்டுப் பார்த்த பிறகு ஏரிக்குத் தண்ணீர் விடுங்கள்

தொழிற்பேட்டையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கும், அதற்கு இசைவாணை வழங்கும் அலுவலகத்தின் பொறியாளர்களுக்கும்,

சுத்திகரித்த நீரை இனி ஓடையில் விடாமல் எங்கள் ஏரியின் வரத்துக்கால்வாயில் திருப்பிவிடப் போவதாக ஊராட்சி அலுவலகச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். ஏரி நிரம்பும், நிலத்தடி நீர் உயரும், நீரின் தரம் எல்லா வரம்புகளுக்கும் உட்பட்டது என்று அதில் இருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று கடைசி வரியும் இருக்கிறது. எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய உங்கள் ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் சொல்கிறேன்.

அறிக்கையில் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பி.எச்., நீரின் ஆக்சிஜன் தேவையைச் சொல்லும் பி.ஓ.டி., சி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், எண்ணெய், குரோமியம், துத்தநாகம் என்று வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண், எல்லா எண்ணும் வரம்புக்குள். கீழே வந்தால் 'உயிரி ஆய்வு' என்று ஒரு வரி. வரம்புக் கட்டத்தில், கலப்பில்லாத கழிவுநீரில் 96 மணி நேரம் கழித்து 90 விழுக்காடு மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. முடிவுக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. பழைய அறிக்கைகளையும் எழுதிக் கேட்டு வாங்கினேன். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே கோடு. அந்தக் கோட்டுக்கு விளக்கம் கேட்டுத்தான் இந்த மடல்.

நான் ஆரணியாற்றை ஒட்டி, ஆந்திர எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மீன்குஞ்சு நாற்றங்கால் வைத்திருப்பவன். பொரிப்பகத்திலிருந்து கட்லா, ரோகு, மிர்கால் நுண்குஞ்சுகளை வாங்கிவந்து, விரல் நீளத்துக்கு வளர்த்து, ஏரிக் குத்தகைக்காரர்களுக்கு விற்கிறேன். இந்தப் பக்கம் பொன்னேரி வரை, அந்தப் பக்கம் சத்தியவேடு, தடா வரை வாடிக்கை உண்டு. நீர் ஆய்வு நான் படித்ததில்லை. ஆனால் புதுத் தண்ணீரில் சோதித்துப் பார்க்காமல் குஞ்சு இறக்குகிற வழக்கம் எங்கள் தொழிலில் யாருக்கும் இல்லை. குளத்தில் ஹாப்பா என்ற சிறுகண் பெட்டி வலையைக் கட்டி, அதில் ஒரு கை குஞ்சை விட்டு, ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பாக்கெட்டுகளைப் பிரிப்போம். நீங்கள் கோடு போட்டு விட்டிருக்கும் சோதனையும் இதுதான். உங்களுடையதில் கண்ணாடித் தொட்டியும் கணக்கும் ஒழுங்காக இருக்கும், அவ்வளவே.

கோடையில் போர்வெல் இறங்கிவிட்டால் ஓடைத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அந்த ஓடையில் கோடையில் ஓடுவது பெரும்பாலும் உங்கள் நிலையத்து நீர்தான். அதை ஏற்றினால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

குஞ்சு விடும் முன்னால் குளத்தைக் காயப்போட்டு, சுண்ணாம்பு தூவி, சாணியும் கடலைப் புண்ணாக்கும் கரைத்து ஊற்றித் தண்ணீர் கட்டுவோம். சில நாளில் மொய்னா பெருகும். கடுகைவிடச் சிறிய நீர்ப்பூச்சி அது, நுண்குஞ்சுக்கு முதல் இரை. காலையில் வெயில் ஏறும் முன்பு கரையோரம் செம்மண்ணைக் கரைத்துவிட்டது போலத் திரண்டு நிற்கும். துணியில் வடித்துக் கண்ணாடி டம்ளரில் விட்டால் துள்ளித் துள்ளி நீந்துவது வெறுங்கண்ணுக்கே தெரியும். ஓடைத் தண்ணீர் ஏற்றிய குளத்தில் அந்தத் திரள் மறுநாள் சாயங்காலத்துக்குள் காணாமல் போகிறது. வடித்தால் டம்ளரின் அடியில் வெளிறிப்போய் அசையாமல் கிடக்கிறது. தண்ணீரோ பார்க்கத் தெளிவு, நாற்றமும் கிடையாது. பக்கத்துக் குளத்தில் மிச்சமிருந்த போர்வெல் தண்ணீர், அதே சாணி, அதே புண்ணாக்கு. அங்கே மொய்னா பிழைத்துக் கிடக்கிறது.

உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் கழிவுநீரின் நச்சைப் பார்க்க வைத்திருக்கும் டாஃப்னியா, மொய்னாவுக்கு நெருங்கிய இனம். பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத டாஃப்னியாவை நீரில் விட்டு, 48 மணி நேரத்தில் எத்தனை அசைவற்றுப் போகின்றன என்று எண்ணுவார்கள். என் குளத்தில் யாரும் கேட்காமலே அந்தச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. முடிவை எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

மொய்னாவுக்குப் பின் குஞ்சும் போனபோது புகார் கொடுத்தேன். வந்து பார்த்த அலுவலர், "வெயில் காலமில்லையா, ஆக்சிஜன் கொறஞ்சிருக்குங்க" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆக்சிஜன் குறைந்து மீன் சாவதை நாங்கள் பார்க்காதவர்களா? ராத்திரி முழுவதும் பாசியும் சேர்ந்து மூச்சுவிட்டு, தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோகும் விடியற்காலையில் வரும் சாவு அது. மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். பெரிய மீன் முந்திச் சாகும். வெயில் ஏறிவிட்டால் மிச்சம் தேறிக்கொள்ளும். என் குளத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. காலையில் நன்றாக இரை எடுத்த குஞ்சு மதியத்துக்கு மேல் சுழன்று சுழன்று விழுந்தது. முதலில் போனது இருப்பதிலேயே பொடிக் குஞ்சு. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சளி கட்டியிருந்தது. தண்ணீரில் நஞ்சு இருந்தால் சாவு இப்படி வரும் என்று மீன் வளர்ப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

மதியத்துக்கு மேல் ஏன்? பாசி இருக்கும் குளத்தில் வெயில் ஏற ஏற பி.எச். ஏறும். காலையில் ஏழரை இருந்தது மூன்று மணிக்கு ஒன்பதைத் தொடும். தண்ணீரில் இருக்கும் அம்மோனியா எல்லாமே மீனைக் கொல்வதில்லை. அதில் தனித்து நிற்கும் பங்குதான் செவுளைத் தாக்கும், அந்தப் பங்கைத் தீர்மானிப்பது பி.எச்.தான். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருந்தால் அந்தப் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 8 ஆனால் ஏழெட்டு. 9 ஆனால் நாற்பதுக்கும் மேல். உங்கள் பட்டியலில் பி.எச். 5.5 முதல் 9 வரை இருக்கலாம். அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம். 20 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்கு உங்கள் வெளியேற்றுக் குழாயில் கேன் பிடித்துப் போனால் எல்லாம் சரி. அதே நீர் பாசிக் குளத்துக்கு வந்து மதிய வெயிலைக் கண்டால், கலப்பில்லாமல் இருந்தால், எட்டு மில்லிகிராமுக்கு மேல் நச்சு அம்மோனியா. லிட்டருக்கு 0.05 மில்லிகிராமிலேயே செவுள் கெடத் தொடங்கும், 2 மில்லிகிராமில் மீன் சாகத் தொடங்கும் என்பது மீன் வளர்ப்பின் பால பாடம். நச்சு அம்மோனியாவுக்கென்று உங்கள் பட்டியல் தனியாகப் போட்டிருக்கும் வரம்போ 5. நாங்கள் குளத்தைக் காலி செய்துவிட்டு ஓடும் அளவு உங்கள் தாளில் 'வரம்புக்குள்'.

குளோரின் கதையும் இதுதான். கிருமி நீக்கத்துக்குப் போட்டதில் மிச்சம் நிற்கும் குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை போகலாம் என்கிறது பட்டியல். நன்னீர் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் குறுகிய கால அளவு 0.019. ஐம்பது மடங்கு வித்தியாசம். அதோடு குளோரின் கேனில் நிற்காது. குழாயடியில் இருந்தது வண்டியில் ஏறி, சாப்பாட்டு நேரம் தாண்டி ஆய்வுக்கூடம் சேர்வதற்குள் பறந்துபோயிருக்கும்.

என் குளத்தில் கொன்றது அம்மோனியாதான் என்று நான் அடித்துப் பேச வரவில்லை. குளோரினாக இருக்கலாம். பட்டியலில் பெயரே இல்லாத ஏதோ ஒரு சோப்பு ரசாயனமாக, பூஞ்சைக்கொல்லியாக இருக்கலாம். தனித்தனியே வரம்புக்குள் இருக்கும் நாலைந்து சேர்ந்து செய்த வேலையாகவும் இருக்கலாம். உங்கள் தொழிற்பேட்டைக்குள் எத்தனை விதமான ஆலைகள், எத்தனை விதமான பீப்பாய்கள் போய் வருகின்றன என்று கேட்டில் நின்றாலே தெரியும். அத்தனைக்கும் தனித்தனியே ஆய்வு செய்ய எந்த ஆய்வுக்கூடத்தாலும் முடியாது. அதனால்தான் நீரை அப்படியே எடுத்து உயிரை விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பெயர் தெரியாத நஞ்சும் மீனின் மேல் காட்டிவிடும்.

இது நான் புதிதாகக் கேட்கும் சலுகை இல்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 1993-இல் சேர்த்த பொதுத் தரநிலைப் பட்டியலிலேயே இந்த மீன் சோதனை இருக்கிறது. உள்நாட்டு நீர்நிலைக்கும் உண்டு, பாசன நிலத்துக்கும் உண்டு, கடலோரத்துக்கும் உண்டு. எப்படிச் செய்வது என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1971-லேயே வழிமுறை எழுதிவிட்டது. 2001-இல் வரிக்குதிரை மீனை வைத்துச் செய்யும் முறையையும் சேர்த்தது. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் தொட்டி தொட்டியாக வளர்க்கும் அந்த மீன் நம் நாட்டு ஓடைகளில் பிறந்தது. பி.ஓ.டி.க்கு எண் எழுதிய கை இந்த வரிக்கு வந்ததும் ஏன் கோடு போட்டது?

குறைதீர் கூட்டத்தில் இதைக் கேட்டபோது ஆளுக்கொரு பதில் கிடைத்தது. வசதி இல்லை என்றார் ஒருவர். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியே இருக்கிறது. மீனை ஆரோக்கியமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நாலு நாள் ஆகும், அதுவரை நீரை நிறுத்த முடியாது என்றார் இன்னொருவர். ஏரிக்கு விடாமல் நாலு நாள் பொறுப்பது அவ்வளவு கடினமா என்று நான் திருப்பிக் கேட்டேன், பதில் இல்லை. மீனைக் கொன்று பார்ப்பது பாவமில்லையா என்றும் ஒருவர் கேட்டார். ஓடையில் ஆயிரக்கணக்கில் மிதந்தபோது வராத பாவம் தொட்டியில் இருபது மீனுக்கு வந்துவிட்டதாக்கும். உண்மையிலேயே அந்தக் கவலை இருந்தால், வளர்ந்த மீனுக்குப் பதில் வரிக்குதிரை மீனின் முட்டையை வைத்து அதே 96 மணி நேரத்தில் பார்க்கும் முறை 2013-லேயே சர்வதேச வழிகாட்டியாக வந்துவிட்டது. அதைச் செய்யுங்கள், எனக்கு இன்னும் திருப்தி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சோதனையில் தேறிவிட்டால் மட்டும் ஏரிக்கு விடலாம் என்று நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடக் கூடாது. நாலு நாள் சாகாமல் கிடந்த மீன் வளருமா, முட்டையிடுமா என்று அது சொல்லாது. சோதனைக்கு வளர்ந்த, திடமான மீனைத் தேர்ந்தெடுத்தால் தேறுவதும் சுலபம். அமெரிக்காவில் கழிவுநீர் அனுமதிக்கு டாஃப்னியாவின் சின்னத் தங்கை இனம் ஒன்றை ஒரு வாரம் போல வைத்து, எத்தனை குட்டி போடுகிறது என்று எண்ணுகிறார்கள். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த மீன்குஞ்சை ஏழு நாள் வைத்து எடை போடுகிறார்கள். எங்களுக்கு நஷ்டம் வருவது அந்த இடத்தில்தான். சத்தியவேட்டுக் குத்தகைக்காரர் ஒருவர் போன முறை வந்து, "அண்ணா, உங்க குஞ்சு சாகல, ஆனா மூணு மாசமாகியும் தேறவே இல்லையே" என்றார். அவருக்கு நான் என்ன எண்ணைக் காட்டுவது?

எங்கள் ஏரி நிரம்பி, உபரிநீர் போகும் கலங்கலில் வழிந்தால் அந்த நீர் ஆரணியாற்றில் சேரும். ஆரணியாறு பழவேற்காட்டுக்குப் போகிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, முக்கிய முகத்துவாரமும், பாடு என்று முறைவைத்து வலை போடும் குப்பங்களும் இந்தப் பக்கம். அங்கே இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்கள் வாயருகே இருக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம். நன்னீர் மீன் தாங்கியதை இறால் குஞ்சு தாங்கும் என்று சொல்ல முடியாது. மடவை மீனுக்கும் இறாலுக்கும் தனியே பார்க்க வேண்டும், அதற்கான மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது.

மீன் செத்தது என்று முடிவு வந்தால் அதோடு நிலையத்தை இழுத்து மூடச் சொல்வேன் என்று பயப்பட வேண்டாம். அங்கே எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் வேலை பார்க்கிறார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, செலவும் பெரிதில்லை. அதே நீரைப் பல பங்காகப் பிரித்து, ஒன்றில் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போட்டால் குளோரின் போய்விடும். ஒன்றை ஜியோலைட் என்ற கனிமத் துகள் வழியே விட்டால் அம்மோனியா போய்விடும். ஒன்றில் உலோகத்தைக் கட்டிப்போடும் மருந்து, ஒன்றைக் கரி வழியே வடிப்பது, ஒன்றில் பி.எச்.சை மாற்றுவது. எந்தத் தொட்டியில் மீன் பிழைக்கிறதோ அதுதான் துப்பு. ஹைப்போவும் ஜியோலைட்டும் இறால் பண்ணைக்காரர்கள் மூட்டையாக வாங்கிப் போடும் சரக்கு. எந்த ஆலையிலிருந்து நஞ்சு வருகிறது என்று தெரிந்தால் அந்த ஒரு குழாயை அடைத்தால் போதும், மற்ற ஆலைகளுக்கும் அதுதானே நல்லது?

தீங்கு இருக்கிறது என்று நிரூபித்தால் பார்க்கலாம் என்று உங்கள் பதில் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. தன் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. இங்கிருந்து மேற்கே சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஆற்றுக்காக வந்த தீர்ப்பு. செத்த குஞ்சைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியவன் நான் இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. மீன் சோதனையின் முடிவு எழுத்தில் வரும்வரை வரத்துக்கால்வாய் மதகைத் திறக்காதீர்கள். ஒரு கேன் தண்ணீரை ஒரு நேரத்தில் பிடித்து முடித்துக்கொள்ளாமல், முன்கூட்டிச் சொல்லாமல் வந்து, இரவும் பகலும் சேர்த்து 24 மணி நேரக் கலவை மாதிரி எடுங்கள். ராத்திரியில் வரும் நீர் வேறு என்பது ஓடைக்கரையில் படுப்பவர்களுக்குத் தெரியும். மாதிரி எடுக்கும்போது ஊராட்சியிலிருந்தும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தும் ஒருவர் உடனிருக்க வேண்டும். குளோரினைக் குழாயடியிலேயே அளந்து எழுதுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாளைக்குள் சோதனை தொடங்கட்டும்.

சோதனையை உங்களிடம் சம்பளம் வாங்காத ஒரு மீன்வள ஆய்வுக்கூடம் செய்யட்டும். மீனோடு நீர்ப்பூச்சியும் வேண்டும். நல்ல தண்ணீர் விட்ட ஒப்பீட்டுத் தொட்டியின் கணக்கும் அறிக்கையில் இருக்க வேண்டும். அந்தத் தொட்டியிலேயே பத்தில் ஒன்றுக்கு மேல் செத்தால் சோதனை செல்லாது, மறுபடி செய்யுங்கள். தொட்டியின் பி.எச்., வெப்பம் நாள்தோறும் குறிக்கப்பட வேண்டும், மதிய நேரத்துக் கணக்கு உட்பட. முதல் ஆண்டில் மாதம் ஒரு முறை, அதில் கோடை மாதங்கள் ஒன்றும் விடுபடக் கூடாது. பழவேற்காட்டுக்காக மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் வைத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை இசைவாணையிலேயே நிபந்தனையாக எழுதுங்கள். தேறாவிட்டால் ஏரிக்கு நீர் நிற்கும், காரணம் கண்டுபிடிக்கும் வேலை உடனே தொடங்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முடிவுகளை அறிவிப்பு ஒட்டிய அதே ஊராட்சிச் சுவரில், தமிழில் ஒட்டுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தெலுங்கிலும் ஒரு படி போகட்டும்.

சோதனைக்குக் குஞ்சும் மொய்னாவும் தேவைப்பட்டால் என் நாற்றங்காலில் இருந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். பழைய அறிக்கைகளில் அந்த வரிக்கு எதிரே கோடு போட்டது யார் முடிவு, எந்த விதியின்படி என்பதற்கும் பதில் வேண்டும். வாய்மொழியாகச் சொல்லாமல், பெயரும் கையெழுத்தும் போட்டு, அறிவிப்பில் நீங்களே குறித்திருக்கும் ஆட்சேபக் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆரணியாற்றங்கரை மீன்குஞ்சு நாற்றங்கால்காரன்